இரண்டு வன்தட்டுகளும் ஒரு பென்சில் குறிப்பும்

புத்தகங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று வன்தட்டைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். 2022 ஜூலை வரை எங்களுக்கும் வன்தட்டு என்பது பெட்டிக்குள் எங்கோ சுழன்றுகொண்டிருக்கும் ஓர் உலோகத் துண்டாகவே இருந்தது. அதைத் திறந்து பார்க்க நேர்ந்த ஒரு வாரத்தில் எங்களுக்குக் கிட்டிய சில தெளிவுகளையும், திரும்பப் பெற இயலாத ஓர் இழப்பையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. பழைய புத்தகங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் வருடியில் இட்டு எங்கேனும் சேமித்து வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் அன்பர்கள் பலர் உண்டு. நாங்களும் அவ்வாறு உறங்கியவர்களே.

திருச்சியில் நாங்கள் நால்வர். ஒருவர் வங்கி ஊழியர், இருவர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். 2006-ஆம் ஆண்டில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு வருடி வாங்கினோம். ஸ்ரீரங்கத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஐயா என்றே அவரை அழைப்போம். 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’, 1965-இல் நா. பார்த்தசாரதி தொடங்கிய ‘தீபம்’, 1970-இல் வெளிவரத் தொடங்கிய ‘கசடதபற’ எனப் பல இதழ்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். அவற்றோடு பெயர்கூட நினைவில் நில்லாத, இரண்டு மூன்று இதழ்களோடு நின்றுபோன சிற்றிதழ்களும் இருந்தன. ஐயாவின் சேகரிப்புக்கு வேறொரு சிறப்பும் உண்டு. படித்தவற்றின் ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. சில இடங்களில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். சில இடங்களில் ‘இல்லை’ என்று ஒரே சொல். சில இடங்களில் ஓரம் போதாமல் பக்கத்தின் அடிவரை இறங்கி வரும் வாதம். அச்சான கவிதையைவிட அவருடைய மறுப்பு சுவையாக இருந்த பக்கங்கள் பலவுண்டு.

அந்தக் குறிப்புகளுக்காகவே அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுட்பத்தில் வருடுவது என்று முடிவு செய்தோம். மங்கிய பென்சில் கோடு அதற்குக் கீழே துலங்கவில்லை. சிற்றிதழின் ஒரு பக்கம், எட்டரை அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம் என்று கொண்டால், சாம்பல் நிறச் சாயலில் சுருக்காமல் சேமிக்கும்போது 16 மெகாபைட்டுக்கு மேல் வரும். அறுபத்து நான்கு பக்க இதழ் ஒன்று ஏறத்தாழ ஒரு கிகாபைட். ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு இதழ்களைப் பையில் எடுத்துவந்து, வருடி முடித்து, அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இதழ்களை எடுத்து வருவோம். குறுந்தகடுகள் போதவில்லை, பிறகு டிவிடிகளும் போதவில்லை. அவற்றுள் சில நான்கே ஆண்டுகளில் படிக்க முடியாமல் போயின.

ஆகவே 2011-இல் ஒரு வலைச் சேமிப்புப் பெட்டி வாங்கினோம். வீட்டு இணைய இணைப்பின் ரௌட்டரோடு கம்பியால் பிணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளும் அதைத் தம் சொந்த அலமாரிபோல் பயன்படுத்தலாம். இரண்டு வன்தட்டுகள் செருகும் சிறிய பெட்டி அது. வங்கி நண்பர் வீட்டில், புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இடம் பிடித்தது.

அவ்வாண்டு அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலகின் வன்தட்டுகளில் பெரும்பங்கு அங்கேதான் உருவாகின்றன என்பதை நாங்கள் அறிந்துகொண்டதே அப்போதுதான். தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின. விலை ஏறத் தொடங்கியது. இன்னும் ஏறிவிடும் என்ற அச்சத்தில், இரண்டு டெராபைட் கொள்ளளவுள்ள இரண்டு வன்தட்டுகளை ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வாங்கினோம். அப்போது அது சாமர்த்தியமாகவே தோன்றியது.

*

இரண்டு தட்டுகளையும் ‘கண்ணாடி’ முறையில் அமைத்தோம். ஒன்றில் எழுதப்படும் ஒவ்வொன்றும் அக்கணமே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று கெட்டால் மற்றது இருக்கும். ரெய்டு என்று இதற்குப் பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இப்பெயரைப் பரப்பியது. விலை மலிந்த பல தட்டுகளைச் சேர்த்து, விலையுயர்ந்த ஒரு பெருந்தட்டின் வேலையை வாங்கலாம் என்பது அவர்கள் வாதம். தட்டு ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் நடக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்த ‘நிற்காமல் நடப்பது’ என்பதையும் ‘அழியாமல் காப்பது’ என்பதையும் நாங்கள் ஒன்றாக எண்ணிக்கொண்டோம். அதுவே எங்கள் முதல் பிழை.

அந்தப் பிழையை உணர்த்த ஒரு வாய்ப்பும் வந்தது. 2014-இல் எங்களுள் ஒருவர், பழைய கோப்புறை என்று நினைத்து, ஓர் இதழின் ஓராண்டுத் தொகுதி முழுவதையும் அழித்துவிட்டார். கண்ணாடியின் முன் நின்று முகத்தைத் துடைத்தால் கண்ணாடிக்குள் இருப்பவர் மட்டும் துடைக்காமல் இருப்பாரா? இரண்டு தட்டுகளிலும் ஒரே நேரத்தில் அழிந்தது. அப்போது ஐயா இருந்தார், இதழ்களும் இருந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மீண்டும் உட்கார்ந்து வருடினோம். ஐயா காபி கொடுத்துக்கொண்டே சிரித்தார்.

“ஏடு இருக்கறதுனால நூல் நிக்காதுப்பா. பெயர்த்து எழுத ஆள் இருக்கற வரைக்கும்தான் நிக்கும்.”

பனையோலை சில தலைமுறைகளுக்குமேல் தாங்காது. பூச்சியும் ஈரமும் அதை விடா. ஆகவே பழுதாகும் முன்னரே புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுத ஆளில்லாத வீட்டில் ஏடுகள் பரணில் கிடந்து இற்றன. அவ்வாறு இற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுகிற வழக்கம் இருந்ததை உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதையில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். ஐயா இதையெல்லாம் சொன்னபோது ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டோம். அது எங்கள் பெட்டிக்கும் பொருந்தும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

2015-இல் ஐயா காலமானார். அடுத்த ஆண்டு அவருடைய மகளைச் சந்தித்து, எஞ்சிய இதழ்களையும் வருட அனுமதி கேட்டோம். அந்த அம்மையார் சற்று நேரம் பேசவில்லை.

“வீடு மாத்தும்போது வச்சுக்க இடமில்லைண்ணா. எடைக்குப் போட்டுட்டோம். நீங்கதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கீங்களேன்னு நெனச்சோம்.”

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பத்திரமாக இருக்கிறது என்று அவருக்குச் சொன்னவர்களே நாங்கள்தாம். அன்று முதல் அந்தப் பெட்டியில் இருந்தது பிரதி என்ற நிலை மாறி, மூலமே அதுவாகிவிட்டது.

*

2019 வாக்கில் பெட்டி நிரம்பியது. இரண்டு டெராபைட் என்று உறையில் எழுதியிருந்தாலும் கணினி அதை 1.8 என்றே காட்டும். செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கணினி 1,024 என்ற மடங்கில் எண்ணுகிறது. இடம் போதாமல், சில ஆயிரம் பக்கங்களை ஜேபெக் வடிவத்தில் சுருக்கிவிட்டுச் சுருக்காத கோப்புகளை நீக்கினோம். 16 மெகாபைட் மூன்றாகக் குறைந்தது. கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. இதையும் சாமர்த்தியம் என்றே எண்ணினோம்.

2022-இல் அந்த இடமும் தீர்ந்தது. புதிய பெட்டி வாங்கலாமா என்று பேசினோம். பழைய பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தட்டுகளை மட்டும் பெரிதாக்கினால் செலவு பாதிதான். இணையத்தில் வாடகைக்கு இடம் எடுக்கலாம் என்றார் ஒருவர். மாதந்தோறும் பணம் கட்ட மறந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியோடு அந்தப் பேச்சு நின்றது.

பழைய பெட்டியில் பெரிய தட்டைச் செருகுவது, பழைய சைக்கிளுக்குப் புதிய சக்கரம் மாட்டுவதுபோல் எளிதன்று என்பதை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். முதலில் எண்ணிக்கைச் சிக்கல். அக்காலத்துப் பகுப்பு முறை தட்டின் ஒவ்வொரு கூறுக்கும் 32 பிட்டுகளால் முகவரி எழுதியது. அப்படி எழுதக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி. ஒரு கூறுக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2.2 டெராபைட் வரும். அதற்கு மேலுள்ள இடத்துக்குக் கதவெண் கிடையாது. பெட்டியின் கையேட்டில் கண்டிருந்த வரம்பு அதனால்தான் அவ்வளவு சிறிதாக இருந்தது. நல்லவேளையாக, செய்த நிறுவனமே பின்னாளில் வெளியிட்ட மென்பொருள் புதிய பகுப்பு முறையை ஏற்றது. அதை நிறுவிய பின்னர் ஆறு டெராபைட் வரை செல்லலாம் என்று உறுதியாயிற்று.

அடுத்தது தட்டின் வகை. கடைக்காரர் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றின் விலை கணிசமாகக் குறைவு.

“ரெண்டுமே ஆறு டி.பி.தான் சார். எதுக்கு வீணா அதிகம் குடுக்கறீங்க?” என்றார்.

விலை குறைந்த தட்டில் எழுதுதடங்கள் கூரை ஓடுகள்போல் ஒன்றின் விளிம்பின்மேல் ஒன்று ஏறி அமைந்திருக்கும். அதே பரப்பில் கூடுதலாக எழுத அது உதவுகிறது. ஆனால் நடுவிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் படிந்த ஓடுகளையும் எடுத்துத் திரும்ப வேய வேண்டியிருப்பதுபோல, ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். எப்போதாவது எழுதிப் பெரும்பாலும் படிப்பதற்கு இது போதும். மணிக்கணக்கில் இடைவிடாது எழுதும் கண்ணாடிப் புதுப்பித்தலின்போது வேகம் வெகுவாகக் குறையும். தட்டு செத்துவிட்டது என்று பெட்டி தவறாக முடிவு கட்டவும் கூடும். இவ்வகைத் தட்டுகள் உறையில் குறிப்பிடப்படாமலே விற்பனையாகி வந்தது 2020 ஏப்ரலில் வெளிப்பட்டு, பெரிய நிறுவனங்கள் தம் தட்டுகளின் வகையை அறிவிக்க நேர்ந்தது. நாங்கள் கூடுதல் விலை கொடுத்து ஓடு வேயாத வகையையே வாங்கினோம். இம்முறை இரண்டு வெவ்வேறு கடைகளில், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் தட்டுகள். ஒரே நாளில் பிறந்து ஒரே பெட்டியில் ஒரே சூட்டில் உழைத்த இரட்டையர்கள் ஒரே சமயத்தில் நோயுறக்கூடும் என்று எங்கோ படித்திருந்தோம்.

மூன்றாவது, திருகாணித் துளை. ஆறு டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள தட்டுகள் பலவற்றில், உள்ளே கூடுதல் வட்டுகளுக்கு இடம் வேண்டி, நடுத் துளைகளை நீக்கிவிட்டிருக்கிறார்கள். பழைய பெட்டியின் தாங்கியோ அந்தத் துளைகளையே நம்பியிருந்தது. கடைசியில் ஓரத் துளைகளில் மட்டும் முடுக்கி, ஆட்டம் இல்லாமல் பொருத்தினோம்.

*

செய்முறை எளிது என்றுதான் எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. இரண்டில் ஒரு பழைய தட்டை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் புதியதைச் செருகுக. எஞ்சியுள்ள பழைய தட்டிலிருந்து பெட்டி தானே எல்லாவற்றையும் புதியதில் எழுதும். முடிந்ததும் இரண்டாவது பழைய தட்டையும் அவ்வாறே மாற்றுக. இறுதியில் கொள்ளளவை விரிக்கச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்துக.

ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். நிலைமை காட்டும் பக்கத்தில் இரண்டு பழைய தட்டுகளும் ‘இயல்பு’ என்றே இருந்தன. நாற்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தன என்பதையும் அப்போதுதான் பார்த்தோம். எதை முதலில் எடுப்பது என்பதற்கு எந்த அளவுகோலும் இல்லை. வலப்பக்கத் தட்டைக் கழற்றி, செய்தித்தாளின்மேல் வைத்துவிட்டு, புதியதைச் செருகினோம். பழைய பெட்டியின் மெதுவான வேகத்தில் பதினான்கு மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது. சாப்பிட்டுவிட்டு உறங்கப் போனோம்.

அதிகாலை ஐந்து மணிக்கு வங்கி நண்பரிடமிருந்து தொலைபேசி. பெட்டி விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்ததாம். 71 விழுக்காட்டில் வேலை நின்றிருந்தது. எஞ்சியிருந்த இடப்பக்கத் தட்டில் சில கூறுகளைப் படிக்க இயலவில்லை.

இதன் காரணத்தைப் பிறகு புரிந்துகொண்டோம். வன்தட்டில் ஒரு கூறு பழுதானால், யாரேனும் அதைப் படிக்க முயலும்வரை பழுது வெளியே தெரிவதில்லை. பொதுவாக வீட்டு உபயோகத் தட்டுகளுக்குச் செய்பவர்களே குறிப்பிடும் பிழை வரம்பு, நூறு லட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒன்று. அதாவது சுமார் 12.5 டெராபைட் படித்தால் ஒரு கூறு படிக்க முடியாமல் போகலாம். முதுமையடைந்த தட்டுக்கு அந்தக் கணக்கும் செல்லாது. அதனால்தான் மாதம் ஒருமுறை தட்டு முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்துப் பழுதானதை மற்ற தட்டிலிருந்து சரிசெய்யும் ஏற்பாடு இத்தகைய பெட்டிகளில் உண்டு. எங்கள் பெட்டியிலும் இருந்தது. பதினோர் ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை நாங்கள் இயக்கியதில்லை. பக்கங்களையும் நாங்கள் திறந்து படிக்கவில்லை. பெட்டியையும் படிக்கச் சொல்லவில்லை. யாரும் படிக்காத இடங்களில் பழுது ஓசையின்றி வளர்ந்திருந்தது. ஒரே இரவில் எல்லாவற்றையும் படிக்கச் சொன்னபோதுதான் தட்டு வாய் திறந்தது.

விடிந்ததும் நால்வரும் கூடினோம். வெளியே எடுத்து வைத்த தட்டை உடனே திரும்பச் செருகிவிடலாம் என்றார் ஒருவர். கை அதை நோக்கி நீண்டுவிட்டது. மெய்ப்புத் திருத்தும் நண்பர்தான் தடுத்தார்.

“பொறுங்க. எது மூலம், எது பிரதின்னு பெட்டி எப்படி முடிவு பண்ணும்? தப்பா முடிவு பண்ணிட்டா?”

எங்களைக் காப்பாற்றியது அந்தக் கேள்வி. வெளியே எடுத்த தட்டைப் பழையபடி செருகினால், பெட்டி அதைக் காலம் கடந்த ஒன்றாகக் கருதி, உள்ளே இருக்கும் நோயுற்ற தட்டைப் பார்த்து அதன்மேல் எழுதத் தொடங்கக்கூடும். பெட்டியை அணைத்தோம். லினக்ஸ் பயன்படுத்தும் பொறியாளர் தம்பி ஒருவரை அழைத்தோம். அவர் வந்து சேரும்வரை மூன்று மணி நேரம், செய்தித்தாளின்மேல் கிடந்த தட்டைச் சுற்றி, துக்க வீட்டில் அமர்ந்திருப்பவர்களைப்போல் உட்கார்ந்திருந்தோம். சுமார் 90,000 பக்கங்கள். ஐயாவின் குரல் பதிவுகள் பதினான்கு மணி நேரம். யாருக்கும் பேச்சு வரவில்லை.

*

தம்பி வந்ததும் முதலில் சொன்னது இது: “இனிமே இந்தப் பழைய தட்டு ரெண்டுலயும் யாரும் எதுவும் எழுதக் கூடாதுண்ணே. படிக்க மட்டுந்தான்.”

டிடிரெஸ்க்யூ என்றொரு மென்பொருள். பழுதான தட்டைப் பொறுமையாகப் படித்து நகலெடுப்பதே அதன் தொழில். முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துவிட்டு நகரும். பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பச் சென்று முயலும். நோயுற்ற தட்டைத் தொடக்கத்திலேயே அலைக்கழிப்பதில்லை. வெளியே எடுத்த வலப்பக்கத் தட்டை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் புதிய தட்டொன்றில் நகலெடுத்தது. நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரத்தில், அதிலும் சில இடங்கள் கிடைக்கவில்லை என்று அறிக்கை வந்தது. பதினொரு கோப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. பெட்டி ‘இயல்பு’ என்று காட்டிய இரண்டு தட்டுகளுமே நோயாளிகள்.

பிறகு இடப்பக்கத் தட்டு. அதற்கு இரண்டு நாட்கள் பிடித்தன. அதில் பாதிக்கப்பட்ட கோப்புகள் நூற்றுக்கும் மேல். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறதா? மெய்ப்புத் திருத்தும் நண்பர் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். முதல் ஏட்டில் சிதைந்த அடியை இரண்டாம் ஏட்டிலிருந்து எடுத்து நிரப்பும் பதிப்பாசிரியரின் வேலையை, ஒரு மேசையில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே மூலத்தின் இரண்டு பிரதிகள். சிதைவுகள் மட்டும் வெவ்வேறு இடங்களில். பதினொன்றில் ஒன்பது அவ்வாறு நிரம்பின. ஐயாவின் குரல் பதிவுகள் முழுமையாகக் கிடைத்தன.

எஞ்சியவை இரண்டு. ஒன்று சுருக்காமல் சேமித்த பக்கம். திறந்தால் முழுப் பக்கமும் நன்றாகவே தெரிந்தது. வெகுவாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, குறுக்கே மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு. சுருக்காத படத்தில் புள்ளிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். தட்டின் ஒரு கூறு கெட்டால் ஓரிரு புள்ளி வரிசைகள் மட்டும் போகும். அதாவது அங்குலத்தின் 600-இல் ஒரு பங்கு அகலமுள்ள ஓரிரு கோடுகள். எழுத்துகளுக்கு அதனால் தீங்கில்லை.

மற்றொன்று, 2019-இல் இடம் மிச்சம் பிடிக்க நாங்கள் சுருக்கிய பக்கம். சுருக்கிய கோப்பில் ஒவ்வொரு பகுதியும் தனக்கு முன்னாலுள்ள பகுதியைச் சார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு சிறு கண்ணி அறுந்தால் அதன் பின்னுள்ளது முழுவதும் குலைந்துவிடுகிறது. பக்கத்தின் மேற்பாதி தெளிவாக இருந்தது. ஒரு கவிதைத் தொகுதிக்கு எழுதப்பட்ட மதிப்புரை. இடப்பக்க ஓரத்தில் ஐயாவின் பென்சில் எழுத்து தொடங்கி, இரண்டு வரிகள் இறங்கி, ‘ஆனால்’ என்ற சொல்லோடு சாம்பல் நிறத்துக்குள் மறைந்துவிட்டது.

அச்சான பகுதி சில மாதங்களுக்குப் பிறகு வேறொரு நண்பரிடமிருந்த பிரதியில் கிடைத்தது. அதன் ஓரங்கள் வெண்மையாக இருந்தன. ‘ஆனால்’ என்று தொடங்கி ஐயா என்ன எழுதியிருந்தார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நால்வரில் எவருக்கேனும் நினைவிருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். அந்தப் பக்கத்தை எங்களுள் ஒருவர்தான் கண்ணாடியில் வைத்து, மூடியை மூடி, பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஒருவருமே படித்திருக்கவில்லை. வருடிவிட்டோமே, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாமே என்று இருந்துவிட்டோம். தட்டுகள் பழுதானது அவற்றின் இயற்கை. படிக்காமல் விட்டது எங்கள் செயல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களுக்குச் சில நாட்கள் ஆயின.

*

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மீட்ட கோப்புகளையெல்லாம் முதலில் நான்கு டெராபைட் கொண்ட ஒரு வெளித்தட்டில் சேர்த்தோம். அடுத்து, இரண்டு புதிய தட்டுகளையும் பெட்டியில் செருகி, பழையதை விரிப்பதற்குப் பதிலாகப் புதிய கண்ணாடியையே அமைத்து, வலை வழியாக எல்லாவற்றையும் ஏற்றினோம். இரண்டு இரவுகள் ஆயின. பெட்டியின் மென்பொருளை முன்னரே புதுப்பித்திருந்ததில் மற்றொரு நன்மையும் தெரிந்தது. இத்தகைய பழைய பெட்டிகள் பேசும் எஸ்.எம்.பி. முதல் பதிப்பு என்ற பழைய மொழியை, 2017 அக்டோபருக்குப் பின் வந்த விண்டோஸ் தானாக நிறுவுவதில்லை. அவ்வாண்டு மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை என்னும் தீநிரல் அந்த மொழியின் ஓட்டை வழியாகவே பரவியது. பழைய பெட்டி மடிக்கணினியில் தெரியவில்லை என்று அந்த மொழியைத் திரும்ப இயக்கிவிடும் நண்பர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. பெட்டிக்கு வெளியுலக இணைய வாசலையும் அடைத்துவிட்டோம்.

இப்போது எங்களிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று பெட்டியில். ஒன்று வெளித்தட்டில், கம்பியிலிருந்து பிரித்து, இரும்பு அலமாரியில். மூன்றாவது தஞ்சாவூரில் ஒரு நண்பர் வீட்டில். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்னும் இந்த விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்டு வைக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் பொருந்தாது. ஏடெழுதியவர்களுக்கு இந்த வசதி இருந்திருந்தால் பாடபேத ஆராய்ச்சி என்ற ஒன்றே இருந்திராது என்று மெய்ப்புத் திருத்தும் நண்பர் சொன்னார். தட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும் ஏற்பாடு மாதத்தின் முதல் ஞாயிறு இரவு தானே இயங்குகிறது. பக்கங்களை இனிச் சுருக்குவதில்லை. ஆறு டெராபைட்டின் உண்மையான பயன் அதிகம் சேர்ப்பதன்று, சேர்த்ததைக் குறைக்காமல் வைத்திருப்பதுதான் என்று எங்களுக்குப் படுகிறது.

இந்தத் தட்டுகளுக்குச் செய்பவர்கள் தரும் உத்தரவாதம் மூன்று ஆண்டுகள், மிஞ்சினால் ஐந்து. ஓலைக்குத் தலைமுறைக் கணக்கு. இதற்கு விரல்விட்டு எண்ணும் கணக்கு. ஆகவே பெயர்த்தெழுதும் வேலை ஓயப்போவதில்லை. எங்களுக்குப் பிறகு இதைச் செய்பவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. பொறியாளர் தம்பியையே ஐந்தாமவராகச் சேர்த்துக்கொண்டோம். ஐயாவின் மகளிடமும் ஒரு தட்டைக் கொடுத்தோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அவர் அந்த அரைப் பக்கத்தைத் திறந்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அப்பா ‘ஆனால்’னு ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டார்ண்ணா,” என்றார்.

அவ்வாண்டு ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் வெள்ளம் புரண்டு வந்தது. அன்று மாலை வங்கி நண்பர் வீட்டில் கூடி, ஆளுக்கு ஓர் இதழைத் திறந்து, ஓரக் குறிப்புகள் உட்பட முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தோம். அடுத்த ஆண்டும் அதே நாளில் கூடினோம். அந்நாளில் தட்டுகளின் நிலையைப் பார்ப்பது, சரிபார்ப்பு எண்களை ஒப்பிடுவது, தஞ்சாவூர்ப் பிரதியைப் புதுப்பிப்பது ஆகியவற்றோடு இந்த வாசிப்பும் சேர்ந்துகொண்டது. 90,000 பக்கங்களில் இதுவரை நாங்கள் படித்திருப்பது மிகச் சிறு பகுதியே. இவ்வேகத்தில் எங்கள் ஆயுள் போதாது என்பதும் தெரியும்.

உங்கள் வீட்டிலும் அலமாரியின் கீழ்த்தட்டில் இத்தகைய பெட்டி ஒன்று விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், தட்டை மாற்றுவதற்கு முன் வேறெங்காவது முழுப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். வெளியே எடுத்த பழைய தட்டைப் புதியது நிறைவுறும்வரை தொடாதீர்கள். அதற்கும் முன்னதாக, இன்றிரவே ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து கடைசி வரிவரை படித்துப் பாருங்கள்.